ஒலியால் மூளையைத் தூண்டுதல்

கேள்வி: மண்டையைத் திறக்காமல் அல்ட்ராசவுண்ட் மூலம் மூளையைத் தூண்ட முடியுமா?

பதில்: முடியும். காந்தத் தூண்டல் பெரும்பாலும் மூளையின் மேற்பரப்போடு நின்றுவிடும். குவித்த அல்ட்ராசவுண்டோ ஆழத்திலுள்ள தாலமஸ் என்ற பகுதியில் சில மில்லிமீட்டர் அளவு இடத்தையும் எட்டும். செறிவு குறைந்த அலைகள் திசுவைச் சுடாமல், நரம்பணுக்களின் செயல்பாட்டைத் தற்காலிகமாகக் கூட்டும் அல்லது குறைக்கும். மண்டையோடுதான் பெரிய தடை: எலும்பு அலையை உறிஞ்சும், திசைதிருப்பும். அதனால் சிடி ஸ்கேன் பார்த்து, ஆளுக்கேற்ப அலையைத் திருத்த வேண்டியிருக்கிறது. இம்முறை இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் உள்ளது.

கைநடுக்கத்துக்கு அமெரிக்கா 2016-இல் அனுமதித்த அல்ட்ராசவுண்ட் சிகிச்சையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் 1,024 ஒலிமூலங்கள் கொண்ட தலைக்கவசம் தாலமஸின் ஒரு புள்ளியைச் சூடாக்கி நிரந்தரமாக அழிக்கிறது. நோயாளி விழித்தே இருப்பார். இடையிடையே அவரைச் சுருள் கோடு வரையச் சொல்லி, நடுக்கம் குறைகிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.