கறுப்புக் காயில் வந்த மகுடம்

கேள்வி: செஸ்ஸில் வெள்ளைக்குத்தானே சாதகம்? முக்கியமான ஆட்டத்தில் கறுப்பு ஜெயித்ததுண்டா?

பதில்: உலகப் பட்டமே கறுப்பில் வந்திருக்கிறது! 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். 14-வது ஆட்டம்; இருவரும் 6.5 புள்ளிகள். வெள்ளை சீனாவின் டிங் லிரெனுக்கு, கறுப்பு நம் சென்னை குகேஷுக்கு. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். டிரா என்றே பலரும் நினைத்தார்கள். 55-வது நகர்த்தலில் டிங் யானையை வெட்டுக்கு வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் மந்திரியை டிங்கின் மந்திரிக்கு நேரெதிரே நிறுத்தினார். மூலைக் கட்டத்தில் கிடந்த அதற்கு ஒதுங்க இடமே இல்லை. அதுவும் போனால் மிச்சம் சிப்பாய்கள்தான். அங்கே ஒரு சிப்பாய் கூடுதலே போதும். 58-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது, 18 வயதில் உலக சாம்பியன். இதை அதிர்ஷ்டம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டிராவுக்கு இறங்காமல் மணிக்கணக்கில் நெருக்கியதால்தான் டிங் தடுமாறினார்.