மரத்தைத் தொடுமுன் சாலையை நிறுத்து

அன்புள்ள தம்பிக்கு,

நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராகச் சேர்ந்துவிட்டாய், மல்லசமுத்திரம் சுற்றுவட்டச் சாலைகளில்தான் வேலை என்று உன் அப்பா சொன்னார். மனசு நிறைந்தது. அந்தச் சாலைகளில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பேரூராட்சியில் குப்பை வாரும் அக்காமார், மின்வாரியத்தில் கேங்மேனாகச் சேர்ந்த பையன்கள், ஜேசிபி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். அதனால்தான் உறையில் போட்டு ஒட்டாமல் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

புயல் நம் ஊருக்கு வராது, அது கடற்கரைக்காரர்கள் பாடு என்று இங்கே ஒரு நினைப்பு உண்டு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் என்ன செய்தது? உள்ளே நகர்ந்து வந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள்ளேயே கரை மீறியது. சேர்வராயன் மலையில் பிறக்கும் அந்த ஆறு சேலத்தைக் கடந்து, நம் நாமக்கல் மாவட்டத்தின் வழியே ஓடி, நன்செய் இடையாற்றில்தான் காவிரியில் சேர்கிறது. ஆகவே நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மலையில் பெய்த தண்ணீர் சில மணி நேரம் கழித்து நம் தரைப்பாலத்துக்கு வரும். இது போக, சித்திரை வைகாசியில் கோடை மழையோடு அடிக்கும் சூறைக்காற்று இருக்கிறது. அரை மணி நேரக் காற்றுதான்; காளிப்பட்டிக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவில் ஒரு புளியமரம் ரோட்டை மறித்து விழ அது போதும். உன்னை அடிக்கடி கூப்பிடப்போவது அதற்குத்தான்.

ஓடிப்போய் மரத்தில் கை வைப்பாய். வயசு அப்படி. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: மரத்தைத் தொடுமுன் சாலையை நிறுத்து. விழுந்த மரம் விழுந்த இடத்தில் கிடக்கிறது, அது உன்னைத் தேடி வராது. வண்டி வரும். காற்றும் மழையும் ஓய்ந்த பிறகு ரோட்டில் நிற்கிறவன் பயப்பட வேண்டியது, விஷயம் தெரியாமல் வருகிற அந்த வண்டிக்குத்தான்.

கணக்கைப் பார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. கண்ணில் பட்டு, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை நொடி என்று நம் சாலை வடிவமைப்பில் வைத்திருக்கிறார்கள். அதற்குள் 42 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்து நிற்க மேலும் கிட்டத்தட்ட அவ்வளவே. மொத்தம் 80 மீட்டர். வேகம் 80 என்றால் 120 மீட்டர், 100 என்றால் 180 மீட்டர். புளியந்தழை நனைந்து தாரில் ஒட்டிக்கிடந்தால் இந்தக் கணக்கும் போதாது. மரத்துக்குப் பத்தடி முன்னால் நின்று கையை ஆட்டுகிறவன் யாரையும் நிறுத்த முடியாது என்பது இதிலிருந்தே தெரியும்.

எனவே வண்டியை விட்டு இறங்கியதும் இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் நடக்க வேண்டும். குறைந்தது 100 மீட்டர், வளைவோ மேடோ இருந்தால் அதைத் தாண்டி. கையில் சிவப்புக் கொடி, மேலே ஒளிரும் சட்டை. இந்திய சாலைக் காங்கிரஸ் இதற்கென்றே எஸ்.பி. 55 என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. 2001இல் வந்து 2014இல் திருத்தப்பட்டது. வேலை நடக்கும் இடத்தை அது ஒரு புள்ளியாகப் பார்ப்பதில்லை. முன்னெச்சரிக்கைப் பகுதி, வண்டியை ஒதுக்கும் பகுதி, வேலைப் பகுதி, வண்டி மறுபடி தன் பாதைக்குத் திரும்பும் பகுதி என்று நீளமான ஒரு துண்டாகப் பார்க்கிறது. நம் ஆட்கள் எங்கேயும் மூன்றாவதை மட்டும்தான் செய்கிறார்கள்.

வந்த டிராக்டரையோ டிப்பரையோ உனக்கும் வரும் வண்டிகளுக்கும் நடுவில் நிறுத்தச் சொல். முன்சக்கரத்தை ஓரமாகத் திருப்பி வைக்கட்டும். இடிபட்டால் அது உன் மேல் ஏறாமல் ஓரத்துக்கு ஓட வேண்டும். அதற்கும் உனக்கும் நடுவில் இடைவெளி இருக்கட்டும். அதன் மறைவில் உட்கார்ந்து டீ குடிக்காதே. கொடி பிடிக்கிறவனுக்கு அது ஒன்றுதான் வேலை. செல்போன் பார்ப்பதும் கிளை இழுக்கக் கை கொடுப்பதும் கூடாது. இரண்டு கொடிக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாத இடமென்றால் நடுவில் மூன்றாவது ஆள் வேண்டும். கூட்டத்தில் வேடிக்கை பார்க்கிற பொறுப்பான ஆள் ஒருவரைக் கேட்டால் வருவார்.

இன்னொன்று, நம் பக்கத்துப் பழக்கம். எச்சரிக்கைக்கு வேப்பந்தழையை ஒடித்து ரோட்டில் போடுவார்கள், பள்ளத்தைச் சுற்றிக் கருங்கல்லை வைப்பார்கள். நல்ல மனசோடு செய்வதுதான். வேலை முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். விசைத்தறியில் இரவு வேலை முடித்து மொபெட்டில் வீட்டுக்கு வருகிறவருக்கு அந்தக் கல் தெரியாது. கோன் இல்லாவிட்டால் காலி டிரம்மில் ஒளிரும் பட்டை ஒட்டி வை. கல் வைத்தே ஆகவேண்டிய இடமென்றால், கடைசிக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்ட பிறகுதான் அன்றைய வேலை முடிந்தது என்று வைத்துக்கொள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 198ஏ பிரிவு, சாலைப் பராமரிப்பில் பாதுகாப்பு விதியை மீறியதால் சாவோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அபராதம் கிடக்கட்டும், அந்த வீட்டுக்கு யார் போய் முகம் காட்டுவது?

அடுத்து கம்பி. மரம் விழுந்தால் பெரும்பாலும் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டுதான் விழும். ஊரே இருட்டாக இருக்கிறதே, கரண்ட் இல்லை என்று யாராவது தைரியம் சொல்வார்கள். நம்பாதே. ஃபீடரை எந்த நிமிஷமும் திரும்பப் போடலாம். லைன் அணைந்திருந்தாலும் பக்கத்துக் கோழிப்பண்ணையிலோ தறிக்கூடத்திலோ ஜெனரேட்டர் ஓடினால், சரியாகப் பிரிக்காத இணைப்பு வழியே கரண்ட் கம்பிக்குத் திரும்பி ஏறும். மின்வாரிய ஆள் வந்து, எல்.சி. (லைன் கிளியர்) வாங்கி, கம்பியை எர்த் செய்து, தன் வாயால் ‘தொடலாம்’ என்று சொல்லும்வரை நீயும் நிற்க வேண்டும், அரிவாளும் நிற்க வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மாநிலம் முழுவதிலுமிருந்து மின் ஊழியர்கள் டெல்டாவுக்குப் போனார்கள். புயலில் தப்பி, புயலுக்குப் பின் நடந்த சீரமைப்பில் உயிர் விட்டவர்கள் அவர்களில் உண்டு. தொழில் தெரிந்தவர்களுக்கே அந்தக் கதி.

மரம் அறுப்பதைப் பற்றி மிஷின்காரர் உனக்குச் சொல்லித் தருவார். நான் இரண்டு மட்டும் சொல்கிறேன். வளைந்து விறைத்து நிற்கும் கிளையை வெட்டினால் அது விசையோடு திரும்பி அடிக்கும். அது அடிக்கக்கூடிய பக்கம் யாரும் நிற்கக் கூடாது. வேரோடு சாய்ந்த மரத்தில், அடிமரத்தை அறுத்ததும் மண்ணோடு கூடிய வேர்க்கட்டை சட்டென்று நிமிர்ந்து பழைய குழிக்குள் உட்காரும். அந்தக் குழிக்குள் இறங்கி வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை முதலில் விரட்டு.

வெள்ளம் வடிந்த ரோடு இதைவிட ஏமாற்றுக்காரி. மேலே தார் பளபளவென்று இருக்கும், அடியில் மண் இருக்காது. ஃபெஞ்சல் வெள்ளத்தில் திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில், திறந்து சில மாதங்களே ஆன 16 கோடி ரூபாய் பாலத்தையே தென்பெண்ணை கொண்டுபோனது. நம் தரைப்பாலத்தின் ஓரம் எம்மாத்திரம்? ஓரத்தைக் கடப்பாரையால் தட்டிப் பார்க்காமல் ஜேசிபியை ஏற்றவிடாதே. ஜேசிபி பின்னால் வரும்போது ஓட்டுநருக்கு நீ தெரியமாட்டாய், அவர் முகம் உனக்குத் தெரிகிற இடத்திலேயே நில். குப்பையில் பாம்பு இருக்கும், கையுறை போடு.

இதையெல்லாம் கற்றுக்கொள்வது சுலபம். கஷ்டமானது கூட்டம். இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும். மில் பஸ்ஸில் பெண்கள் வேலைக்கு நேரமாகிறது என்பார்கள். பருத்தி ஏலத்துக்கு மூட்டை ஏற்றி வந்தவர் கத்துவார். கட்சிக்காரர் ஒருவர் காரிலிருந்து இறங்கி, ‘ஒரு பக்கம் மட்டும் அறுத்து விடுப்பா, வண்டி போகட்டும்’ என்பார். நீ சின்னப் பையன், எல்லோரும் உன்னைவிடப் பெரியவர்கள். ஒரு பக்கம் வழி திறந்தால் அறுக்கிறவனின் முழங்கைக்கு அருகே லாரி உரசிக்கொண்டு போகும். மரியாதை குறையாமல், குரல் உயர்த்தாமல் சொல்: ‘அண்ணா, பதினைந்து நிமிஷம். உங்களுக்கும் சேர்த்துத்தான் நிறுத்தியிருக்கிறேன்.’ இது சமாதானப் பேச்சு அல்ல, உண்மை. அமெரிக்காவில் சாலைப்பணி நடக்கும் இடங்களில் ஆண்டுதோறும் சாகிறவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர்கள் அல்ல, வண்டியில் வருகிறவர்கள்தான். ஆம்புலன்ஸ் நின்றால் மட்டும் வேலையை முழுவதும் நிறுத்தி, ஆட்களை விலக்கி, வழி விடு.

இரவு என்றால் இன்னும் கவனம். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியும் நாமக்கல் முட்டை வண்டியும் ராத்திரியில்தான் ஓடுகின்றன. ஓட்டுகிறவர் கண்ணில் தூக்கம் இருக்கும். வெளிச்சத்துக்காக உன் டிப்பரின் விளக்கை எதிர்வண்டிக்காரர் கண்ணில் அடித்துவிடாதே. உயிருக்கு அவசரம் இல்லாத இடத்தில் ரோட்டை அடைத்து, வண்டிகளை மாற்றுப் பாதையில் விட்டு, விடிந்தபின் அறுக்கலாம் என்று உன் ஆய்வாளரிடம் சொல்ல உனக்கு உரிமை உண்டு.

சேறு வாரும் தூய்மைப் பணியாளர் அக்காமாரைத்தான் நினைத்தால் எனக்கு ஆறவில்லை. போக்குவரத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கூட்டுகிறார்கள். அவர்களுக்குக் கொடி பிடிக்க யாரும் இல்லை. நீ அந்தப் பக்கம் போனால் வண்டி வரும் திசையைப் பார்த்துக் கூட்டச் சொல். உன் டிப்பரை ஐந்து நிமிஷமாவது அவர்களுக்கு மறைப்பாக நிறுத்து.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முன்பே உன் அலுவலகத்தில் எழுதிக் கேள்: ஆளுக்கு ஓர் ஒளிரும் சட்டை, கொடி, கையுறை, பேட்டரி விளக்கு, இருபது கோன். தராவிட்டால் மறுபடி எழுது. சட்டை வரும்வரை நடு ரோட்டில் இறங்காதே, தம்பி.

அன்புடன்,
உன் பெரியப்பா முறை