கீமோ நாட்களில் குட்டி நகங்களுக்கு...

1. கீமோ ஆரம்பித்துச் சில வாரங்களில் குழந்தையின் நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு, தடவினால் தட்டுப்படும் பள்ளம், கருமை எல்லாம் வரலாம், பயப்படாதீங்க. மருந்து நகத்தின் வேரைக் கொஞ்ச நாள் அடக்கிவைப்பதால், சுற்றுக்கு ஒரு கோடாக விழுவதுண்டு. சத்துக் குறைவு என்று நீங்களாக டானிக் வாங்கிக் காசைக் கரைக்காதீங்க. மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் குழந்தைக்கு ஃபோலிக் அமிலம் சேர்ந்த வைட்டமின் அந்த மருந்தின் வேலையையே குறைத்துவிடலாம்.

2. குளித்த கையோடு நகம் வெட்டுங்க. ஊறி மெத்தென்று இருக்கும், குழந்தையும் முரண்டு பிடிக்காது. நேராக வெட்டுங்க, நகக்கண்ணைத் தோண்ட வேண்டாம். அந்தப் பிள்ளைக்கென்று தனி நகவெட்டி வையுங்க.

3. நகம் விரலைவிட்டுத் தூக்கிக்கொண்டு நின்றால் பிய்த்து எடுக்காதீங்க. துவாலை நூலில் மாட்டி இழுத்தால் உயிர் போகிற வலி. தூக்கிய ஓரத்தை மட்டும் மெல்லக் கத்தரித்து, டிரஸ்ஸிங்கில் மிச்சமான மைக்ரோபோர் டேப்பை மேலே சுற்றிவிடுங்க.

4. ராத்திரி நகத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், மேலே துவைத்த பழைய காட்டன் சாக்ஸ். விலை கூடின கிரீம் எதற்கு?

5. நெயில் பாலிஷ் கேட்டு அடம் பிடித்தால் வீட்டில் இருக்கும் நாளில் போட்டுவிடுங்க, பாவம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அழித்துவிடணும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் தப்பாகக் காட்டலாம்.

6. வின்கிரிஸ்டின் போடும் பிள்ளைகளுக்குப் பாதம் மரத்துப்போகலாம். கால் நகம் பெயர்ந்தாலும் சொல்லத் தெரியாது. வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்க, கால் கழுவிவிடும்போது விரல் விரலாகப் பாருங்க.

7. மாதம் ஒருமுறை அதே விரலை போனில் படம் எடுத்துவையுங்க. கை நகம் மாதம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வளரும்; கோடு மேலே ஏறி ஏறிப் போவதைக் காட்டினால் பிள்ளைக்கே குஷி. முழு நகமும் புதிதாக வளர 6 மாதம் ஆகும், கால் நகத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேலே.

8. நகச்சுத்தி வந்தால் எலுமிச்சம்பழம் செருகும் வழக்கம் இந்தப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். வெள்ளணு குறைந்திருக்கும்போது சின்னச் சீழும் பெரிய தொற்றாகலாம். சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீங்க. நடுராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிடுங்க.