எஞ்சின் இருக்கும் இடம்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றும் என் தந்தை பள்ளி சென்றவரல்லர். முன்பாரம் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் நுகத்தைத் தூக்கும் என்பார். பாரம் எங்கே என்பதே கார் ரசிகர்களின் நெடுநாளைய வாதமும் ஆகும்.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1996-ல் 'பாக்ஸ்டர்' என்னும் கூரை திறக்கும் காரை வெளியிட்டது. இருவர் இருக்கைக்குப் பின்னால், பின்னச்சுக்கு முன்னால் ஆறு சிலிண்டர் எஞ்சின். நிலைமத் திருப்புத்திறனில் தொலைவின் வர்க்கம் வருகிறதல்லவா? நடுப்புள்ளியிலிருந்து எஞ்சினின் தொலைவு பாதியானால் அதன் பங்கு ஏறக்குறையக் கால்பங்காகும். எனவே வளைவில் வண்டி சட்டெனத் திரும்பும். சறுக்கினால் அதே விரைவில் சுழன்றும் விடும். புகழ்வோர் இதைச் சொல்வதில்லை.

பின்னச்சுக்கும் பின்னால் எஞ்சின் கொண்ட, விலை மிகுந்த '911' வாங்க இயலாதோரின் வண்டி இது என்று ஒரு சாரார் எள்ளினர். வளைவுகளில் இதுவே மேல் என்றனர் மறுசாரார். என் வாக்கு இவர்களுக்கே.

2016-ல் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் வந்தது. அடிப்படை வகையின் திறன் 265-லிருந்து 300 குதிரைத்திறனாக உயர்ந்தும், ஓசை கெட்டதென்று ரசிகர் பலர் குமுறினர். 2019-ல் அறிவித்த விலையுயர்ந்த 'ஸ்பைடர்' வகையில் ஆறு சிலிண்டர் மீண்டும் வந்தது. ஓசைக்காக இத்தனை வாதிட்டவர்கள், எஞ்சினை நடுவிலிருந்து நகர்த்துமாறு மட்டும் கேட்கவில்லை.