அரிசிப் பானைக்குள் ஒரு போன்

போன மழைக்காலத்தில் என் அத்தையின் போன், துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்துவிட்டது. உடனே எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தார். எரிகிறதா என்று திரையைத் தட்டினார், எரிந்தது. மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அரிசிப் பானை. இரண்டு நாள் புழுங்கலரிசிக்குள் கிடந்துவிட்டு வந்த போன் நன்றாகவே வேலை செய்தது. பத்தாம் நாள் சார்ஜ் ஏறவில்லை. மறுநாள் திரை இருண்டது. சர்வீஸ் கடையில் கழற்றியபோது, சார்ஜர் சொருகும் இடத்தைச் சுற்றிப் பச்சைப் பொடி பூத்திருந்தது. இறந்துபோன மாமாவின் குரல் பதிவுகள் அந்தப் போனில்தான் இருந்தன.

“எல்லாம் சரியாத்தானேப்பா செஞ்சேன்?” என்று அத்தை கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: அரிசி ஈரத்தை இழுத்துவிடும்

அரிசி ஈரம் இழுக்கும் என்பது பொய்யல்ல. உப்பு கட்டிதட்டாமல் இருக்க ஜாடியில் நாலு அரிசி போட்டு வைக்கிறோமே. ஆனால் காற்றிலிருக்கும் ஈரம் வேறு, போனுக்குள் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே மயிரிழை இடுக்கில் சிக்கிய நீர் வேறு. அந்த இடுக்கு அரிசிக்கு எட்டாது. மூடிய பானையைவிடக் காற்றோட்டமான இடத்தில் போன் சீக்கிரம் உலரும். போதாததற்குத் தவிடும் குருணையும் துளைகளில் போய் அடைந்துகொள்ளும். அரிசித் துகள்கள் சேதம் செய்யலாம், ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே தன் வழிகாட்டுதலில் சொல்கிறது.

அப்படியானால் அரிசியில் கிடந்து பிழைத்த போன்கள்? இரண்டு நாள் யாரும் தொடாமல், அணைந்த நிலையில் கிடந்ததால் பிழைத்தவை அவை. புகழ் மட்டும் அரிசிக்குப் போய்விட்டது.

நம்பிக்கை: காய்ந்துவிட்டால் கண்டம் கழிந்தது

அத்தை ஏமாந்த இடம் இதுதான். சுத்தமான நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் கரைந்திருக்கும் உப்புகள்தான் அதற்குப் பாதை போடுகின்றன. போன் பேட்டரி ஏறக்குறைய 3.7 முதல் 4.2 வோல்ட் வரை தரும். நீரை மின்னால் பிரிக்க 1.23 வோல்ட்டே கணக்குக்குப் போதும். ஆக, ஈரமான போர்டில் மின்சாரம் இருக்கும்வரை உள்ளே ஓர் இரசாயன வேலை நடந்துகொண்டே இருக்கிறது. நேர்முனைப் பக்கத்துத் தாமிரம் கரைந்து, நீர் வழியே நகர்ந்து, எதிர்முனையில் வேர்போலப் படிகிறது. அந்த வேர் வளர்ந்து நேர்முனையைத் தொட்டுவிட்டால் ஷார்ட். நீர் வற்றினாலும் உப்பும் சோப்பும் வற்றுவதில்லை. அங்கேயே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அரிப்பைத் தொடர்கின்றன. பத்தாம் நாள் போன் படுத்ததற்கு இதுவே காரணம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் விழுந்த போனுக்கு அவகாசம் இன்னும் குறைவு.

அதனால், துடைப்பதற்கும் முன்னால் அணையுங்கள். எரிகிறதா என்று சோதிக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். உறையையும் சிம் தட்டையும் கழற்றிவிட்டு, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். உதறினால் நீர் இன்னும் உள்ளேதான் போகும். அணைத்த பிறகும் பேட்டரி போர்டோடு இணைந்தே இருப்பதால், கடைக்குப் போவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கே போனால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் போர்டைக் கழுவ முடியும். போனைக் காப்பாற்றும் வேலை என்றால் அதுதான்.

படங்களும் பதிவுகளும் முக்கியம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இன்றைய போன்களில் தகவல்கள் பூட்டப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அந்தப் பூட்டின் சாவி பிராசசரோடு கட்டுண்டது. நினைவகச் சிப்பை மட்டும் பெயர்த்தெடுத்து வேறெங்கும் படிக்க முடியாது, போர்டு ஒருமுறையாவது உயிர்பெற வேண்டும். ஈரத்தோடு பவர் பட்டனை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒருமுறையைத்தான் பணயம் வைக்கிறோம்.

நம்பிக்கை: ஹேர் டிரையர், இல்லாவிட்டால் மொட்டைமாடி வெயில்

இரண்டும் வேண்டாம். சூடு பேட்டரிக்கு ஆகாது, நீர் புகாமல் ஒட்டியிருக்கும் பசையையும் இளக்கும். டிரையரின் காற்று நீரை உள்ளே தள்ளும். மின்விசிறிக் காற்று போதும்.

நம்பிக்கை: என் போன் வாட்டர்ப்ரூஃப்

நீர்த்தடுப்புத் தரம் ஐ.பி.67 என்றால், அசையாத நன்னீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கியது என்று பொருள். ஐ.பி.68-இல் ஆழத்தைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். ஐபோன் 12-க்கு 6 மீட்டர் என்றார்கள். இவை புதுப் போனுக்கு ஆய்வகத்தில் கிடைத்த மதிப்பெண்கள். கடல்நீர், சோப்பு நீர், நீச்சல்குளத்துக் குளோரின் எதுவும் அந்தத் தேர்வில் கிடையாது. ஒருமுறை கீழே விழுந்து, ஒருமுறை திரை மாற்றிய போனில் அந்தக் காப்பு எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது.

விளம்பரங்கள் இதைச் சொல்லாமல் விட்டது எனக்குக் கோபமூட்டுகிறது. குளத்திலும் கடலிலும் போனைப் பயன்படுத்தலாம் என்று காட்டிய விளம்பரங்களுக்காக 2022-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங் நிறுவனத்தின் அந்நாட்டுக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஈரம் காயாமல் சார்ஜ் போட்டால் சார்ஜ் முனை அரித்துப்போகக்கூடும் என்பதே அங்கே எழுந்த பிரச்சினை. 2020-இல் இத்தாலி, நீர்த்தடுப்பு பற்றிய விளம்பரங்களுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. வழக்கமான வாரண்டியில் நீர்ச் சேதம் அடங்காது. நீர் பட்டால் சிவப்பாக மாறும் சின்ன ஒட்டுத்தாள் பல போன்களின் உள்ளே இருக்கிறது. கடையில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

அத்தையின் போனைக் கடைக்காரத் தம்பி இரண்டு முறை கழுவி, சார்ஜ் முனையை மாற்றிப் பார்த்தார். ஒரே ஒருமுறை எரிந்தது. அந்த இருபது நிமிடத்தில் குரல் பதிவுகளில் பாதியை லேப்டாப்புக்கு மாற்ற முடிந்தது. பிறகு அது எரியவே இல்லை. அந்தப் பாதி இப்போது அத்தையின் போனிலும், மகள் போனிலும், என் போனிலும் இருக்கிறது.