நெடுந்தூர இலக்கும் குண்டின் எடையும்

‘குண்டு’ என்னும் சொல் உருண்டை வடிவான பொருளையே நமக்கு நினைவூட்டுவது. துப்பாக்கி வழங்கத் தொடங்கிய நாளில் அச்சொல் பொருத்தமாகவே இருந்தது. ஈயத்தை உருக்கி வார்த்த உருண்டையே அக்காலத்தில் குழலினின்றும் புறப்பட்டுச் சென்றது. உருண்டைக்கு எடையைத் தெரிந்தெடுப்பதென்பது இல்லை. குழலின் உள்வாய் எத்துணை அகலமோ அத்துணையே அதன் விட்டம். விட்டம் தெரிந்தால் எடையும் தெரிந்ததாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குண்டு நீண்டு முனை பெற்றது; பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் என்றானவுடன் ஒரே குழலுக்குப் பல எடையுள்ள குண்டுகள் உண்டாயின. அவற்றுள் எதனைக் கொள்வது என்னும் வினாவும் உடன்பிறந்தது. 1,000 கெஜத்திற்கு அப்பால் நிறுத்திய இலக்கைச் சுடும் போட்டிகளில் வெற்றி தோல்விகள் பெரும்பாலும் இவ்வினாவைப் பற்றியே நிற்பனவாதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். கனத்த குண்டே நெடுந்தூரத்திற்கு ஏற்றது என்று பலர் கூறுவர். அது பாதி உண்மையே என்பது நம் கருத்து.

இங்கிலாந்தின் தேசிய ரைபிள் சங்கம் தன் முதற் போட்டியை 1860ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள் விம்பிள்டன் வெளியில் தொடங்கியது. விக்டோரியா அரசியாரே 400 கெஜத் தொலைவிலிருந்த இலக்கை நோக்கி முதற் குண்டைச் செலுத்தினார். அவர் சுட்ட துப்பாக்கி ஜோசப் விட்வொர்த் என்னும் பொறிவல்லார் செய்தது. அக்காலத்துப் படைவீரர் கையிலிருந்ததோ என்பீல்டு துப்பாக்கி. இவ்விரண்டின் குண்டுகளும் எடையில் ஒத்தவை; ஒவ்வொன்றும் 530 கிரெயின். (ஒரு பவுண்டில் 7,000 கிரெயின் அடங்கும், ஆகவே 530 கிரெயின் ஏறக்குறைய 34 கிராம் என்க.) எனினும் 1857இல் நடந்த சோதனைகளில் விட்வொர்த் துப்பாக்கி என்பீல்டை மிகத் தொலைவில் பின்னிட்டது. எடை ஒன்றாயிருக்க விளைவு வேறானது எங்ஙனம்? என்பீல்டின் உள்வாய் 0.577 அங்குலம், விட்வொர்த்தினுடையது 0.451 அங்குலம். பரப்பைக் கணக்கிட்டால் முன்னது பின்னதைப்போல் 1.6 மடங்கு ஆகும். ஒரே கனத்தைச் சுமந்து செல்லும் இரண்டனுள், அகன்ற முகத்தையுடையது காற்றை மிகுதியாகப் பிளக்கவேண்டும். ஒடுங்கி நீண்டது எளிதில் ஊடுருவும். ஆகவே எடை தனித்து நின்று யாதொன்றும் செய்வதில்லை. விட்டத்தோடும் வடிவத்தோடும் கூடியே பயன் தருகின்றது.

இனி, நெடுந்தூரத்தில் சுடுவோனுக்குப் பெரும்பகை யாது என்று காண்போம். புவியீர்ப்பன்று. அது குண்டை எந்நாளும் ஒரே அளவாகக் கீழிழுப்பது. குறிகாட்டியை உயர்த்தி அதனைச் சரிசெய்து கொள்ளலாம். பகையாவது குறுக்கே வீசும் காற்று. அஃது ஒரு கணத்தில் இருந்தபடி மறுகணத்தில் இராது. இலையைத் தள்ளுவதுபோலக் காற்றுக் குண்டைத் தள்ளுகிறது என்று எண்ணுதல் பிழை. வெற்றிடத்தில் குண்டு இலக்கைச் சேர எடுக்கும் காலம் ஒன்று; காற்றின் தடையால் உண்மையில் எடுக்கும் காலம் வேறொன்று. இவ்விரண்டின் வேற்றுமையாகிய தாமதத்தைக் காற்றின் குறுக்குவேகத்தால் பெருக்கினால் குண்டு விலகும் தூரம் கிடைக்கும். ஒரு குண்டு விநாடிக்கு 3,000 அடி வேகத்தில் புறப்படுவதாகக் கொள்வோம். 1,000 கெஜம் என்பது 3,000 அடி. வெற்றிடமாயின் ஒரு விநாடியில் சேரும், காற்றினூடே 1.6 விநாடி ஆகிறதெனின் தாமதம் 0.6 விநாடி. மணிக்கு ஒரு மைல் வேகமுள்ள காற்று விநாடிக்கு ஏறக்குறைய 1.47 அடி செல்லும். பெருக்கினால் விலக்கம் பத்தரை அங்குலம். அமெரிக்க நெடுந்தூர இலக்கில் பத்து எண் தரும் வட்டத்தின் குறுக்களவோ 20 அங்குலமே. முகத்தில் பட்டும் படாததுமாக உலவும் ஒரு மைல் காற்றைக் கணிக்கத் தவறினவன், நடுவைக் குறித்துச் சுட்டும் அவ்வட்டத்தை இழக்கின்றான்! தாமதத்தைக் குறைக்கும் குண்டு எதுவோ அதுவே அவனுக்கு வேண்டுவது.

தாமதத்தைக் குறைக்கும் வழி இரண்டு: காற்றை எளிதில் ஊடுருவும் நீண்ட கனத்த குண்டைக் கொள்ளுதல் ஒன்று, புறப்படும் வேகத்தை மிகுத்தல் மற்றொன்று. இடர்ப்பாடு யாதெனில், இவ்விரண்டும் ஒன்றையொன்று தடுப்பன. குழல் தாங்கக்கூடிய அழுத்தத்திற்கு எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் கனத்த குண்டு மெதுவாகவே புறப்படும். நீண்ட குண்டின் அடிப்பகுதி தோட்டாவினுள் மருந்துக்குரிய இடத்தையும் கவர்ந்து கொள்ளும்.

இதற்குத் தக்க சான்று .308 வின்செஸ்டர் தோட்டாவில் கிடைக்கின்றது. இதில் 168 கிரெயின் எடையுள்ள சியர்ரா நிறுவனத்துக் குண்டு 300 மீட்டர்ப் போட்டிக்கென வகுக்கப்பட்டது. அத்தொலைவில் பெரும்புகழ் பெற்றது. அதே குண்டை 1,000 கெஜத்திற்குச் செலுத்தினால், இலக்கை நெருங்குமுன் அதன் வேகம் ஒலியின் வேகத்தை, அதாவது விநாடிக்குச் சுமார் 1,120 அடியை, அணுகிவிடுகின்றது. அந்நிலையில் அதன் அடிப்பகுதியின் வடிவம் காரணமாகக் குண்டு நிலைகுலைந்து தள்ளாடும். அதனினும் இலேசான 155 கிரெயின் குண்டோ, நீண்ட குழலினின்று மிகுவேகத்துடன் புறப்பட்டு, ஒலியை முந்தியபடியே இலக்கைச் சேர்கின்றது. கனத்தது தோற்க இலேசானது வென்ற இதனைக் கண்டபின்னும் எடை ஒன்றையே பார்த்துக் குண்டு வாங்குதல் கூடுமோ?

குண்டின் நீளத்திற்கும் குழலின் உட்புறத்து வெட்டிய திருகுபுரிக்கும் உள்ள உறவையும் கருதவேண்டும். அம்பு நேரே செல்வது இறகினால். குண்டு நேரே செல்வது சுழற்சியினால். நீளம் மிகுந்தால் சுழற்சியும் மிகுதல் வேண்டும். உல்விச்சில் கணிதப் பேராசிரியராயிருந்த கிரீன்ஹில் 1879இல் இதற்கு எளிய வாய்பாடு ஒன்று வகுத்தார். விட்டத்தை அதனாலேயே பெருக்கி, வந்ததை 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும், அளவெல்லாம் அங்குலத்தில். 0.308 அங்குல விட்டமும் 1.1 அங்குல நீளமும் உள்ள குண்டிற்கு 13 அங்குலத்தில் ஒரு முழுச்சுற்று வரும் குழல் போதும், நீளம் 1.3 ஆனால் 11 அங்குலத்தில் ஒரு சுற்று வேண்டும். ஆகவே கையிலுள்ள குழலே கொள்ளத்தக்க எடைக்கு மேலெல்லை கட்டிவிடுகின்றது. குழலை நோக்காது குண்டைத் தேர்வது, காலை அளவாது செருப்பு வாங்குவது போலாம்.

போட்டியின் விதியும் ஓர் எல்லை கட்டுகின்றது. 1876இல் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் தோன்றிய பால்மாப் போட்டி இந்நாளில் 800, 900, 1,000 கெஜங்களில் நடைபெறுகின்றது. இவ்வகைப் போட்டியின் அனைத்துலக விதிப்படி .308 தோட்டாவில் குண்டின் எடை 156 கிரெயினுக்குக் குறைவாகவும், .223 தோட்டாவில் 81 கிரெயினுக்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். எல்லார்க்கும் எடை ஏறக்குறைய ஒன்றாகிவிடவே, முனையின் கூர்மை, அடியின் சரிவு, ஒவ்வொரு குண்டும் மற்றொன்றை ஒத்திருத்தல் ஆகியவற்றிலேயே தேர்வு நிகழ்கின்றது. எஃப் வகுப்பு எனப்படும் மற்றொரு போட்டியிலோ, அதே .308 தோட்டாவைக் கொண்டு சுடும் பிரிவில் குண்டின் எடைக்கு வரம்பில்லை. அங்கே 200 கிரெயின் அளவான குண்டுகளையும் விரும்பிக் கொள்வர். காரணம் தெளிவு. அவர்தம் துப்பாக்கி 8.25 கிலோகிராம் வரை கனக்கலாம். முன்புறம் இருகாலியின்மேல் நிற்பது. கனத்த குண்டின் பின்னுதைப்பைத் தாங்கும். பால்மாவில் சுடுவோன் குப்புறக் கிடந்து, தோல்வாரைக் கையிற் சுற்றி, தன் உடம்பினாலேயே துப்பாக்கியைத் தாங்குகின்றான். பதினைந்து முறை சுட்டு முடியுமுன் பின்னுதைப்பினால் அவன் தோள் சலித்து, நிலை சிறிதே மாறினும், நற்குண்டினால் பெற்ற ஆதாயம் கரைந்துபோம்.

இத்தனையும் கணக்கிட்டபின் எஞ்சுவது சோதனை. ஒத்த வடிவும் எடையுமுள்ள இரண்டு குண்டுகளுள் ஒன்றை ஒரு குழல் விரும்பும், மற்றொன்றை வெறுக்கும். வாய்பாடு எதுவும் அதனை முன்னறிந்து சொல்லாது. ஆதலின் தேர்ந்தோர், ஒவ்வொரு வகையிலும் சிலவற்றை வாங்கி, காற்றடங்கிய காலைப்பொழுதில் சுட்டுப் பார்த்து, 1,000 கெஜத்தில் மேல்கீழாகச் சிதறுதல் குறைந்த வகையையே அவ்வாண்டுப் போட்டிக்கு மொத்தமாக வாங்கி வைப்பர்.