கணனி வரைபடத்திற் கதவு புரளும் வகை

வலம்புரிச் சங்கையும் இடம்புரிச் சங்கையும் அருகருகே வைத்து நோக்குவார், அவை உருவத்தால் ஒத்தும் சுழியால் மாறியும் இருத்தலைக் காண்பர். இடம்புரியை எத்துணை முறை திருப்பினும் அது வலம்புரி ஆகாது. கண்ணாடியிற் காணும் நிழலே அவ்வுருப் பெறும். நம் கடலிற் சங்கு குளித்தோர் இவ்வேறுபாட்டை விலையினால் அறிந்திருந்தனர். இம்மானுவேல் கான்ற் என்னும் செருமானியத் தத்துவஞானி 1768ஆம் ஆண்டில் இடக்கை வலக்கைகளை எடுத்துக்காட்டி இதனை ஆராய்ந்தார். திருப்புதல் வேறு, புரட்டுதல் வேறு என்பதே இதன் சாரம்.

கணனியில் வீட்டுப்படம் வரையும் மாணவர் இவ்வேறுபாட்டைக் கதவிடத்துச் சந்திக்கின்றனர். 2005இல் வெளிவந்த ஆட்டோகேட் 2006 பதிப்பிலே டைனமிக் புளொக் என்னும் வசதி சேர்க்கப்பட்டது. ஒருமுறை வரைந்த கதவை வேண்டுமிடமெல்லாம் இட்டு, ஓர் அம்புக்குறியைத் தொட்ட மாத்திரத்தே பிணைச்சலை மறுபக்கத்துக்கு மாற்றலாம். இதற்கு இரண்டு உறுப்புக்கள் வேண்டும். புரளும் அச்சைக் குறிக்கும் பிளிப் பராமீற்றர் ஒன்று. எவ்வெக் கோடுகள் புரளல் வேண்டும் எனத் தெரிந்து வைக்கும் பிளிப் அக்சன் மற்றையது.

கதவு புரள, வில்வளைவு மட்டும் பழைய இடத்தில் நிற்குமாயின், அவ்வளைவு அக்சனின் தெரிவில் இல்லை என்க. அக்சனை அமைத்த பின்னர் வரைந்த கோடு தானாக அத்தெரிவிற் சேராது. புளொக் எடிற்றரிற் சென்று அதனைச் சேர்த்தல் போதும்.

இதனினும் கடியது கதவு முழுவதும் சுவருக்குள் தாவி விழுதலாகும். மூன்றடி வாயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சு அதன் நடுவில், இடப்பக்க நிலையிலிருந்து 1½ அடியில், நிற்கின்றது. வாயிலை வலப்பக்கமாக நான்கடிக்கு நீட்டினால் நடுவிடம் 2 அடிக்குச் செல்லும். அச்சோ 1½ அடியிலேயே நிற்கும். இப்போது புரட்டினால் வலது ஓரம் இடது நிலைக்கு அப்பால் ஓரடி தள்ளிப் போய் விழும். கணனி பிழை செய்யவில்லை. கண்ணாடி நின்ற இடமே பிழை. நீட்டும் பராமீற்றருடன் மூவ் அக்சன் ஒன்றை இணைத்து, பிளிப் பராமீற்றரை அதன் தெரிவிற் சேர்த்து, தூரப் பெருக்கியை 0.5 எனக் கொடுத்தால், வாயில் ஓரடி நீள அச்சு அரையடி நகரும். நீட்டும் பராமீற்றரையும் பிளிப் அக்சனின் தெரிவிற் சேர்த்தல் வேண்டும்; இன்றேல் நீட்டும் பிடி பழைய நிலையிலேயே தங்கிவிடும்.

கதவு இடம்வலமாகவும் உள்வெளியாகவும் புரளல் வேண்டின் அச்சுக்கள் இரண்டு. ஒவ்வொன்றின் அக்சனும் மற்றதன் பராமீற்றரைத் தன் தெரிவிற் கொள்ளாவிடின், அம்புக்குறி கதவைப் பின்தொடராது.

இங்கே ஓர் அழகிய உண்மை உண்டு. ஒன்றற்கொன்று செங்குத்தான இரு அச்சுக்களில் அடுத்தடுத்துப் புரட்டுதல், 180 பாகை திருப்புதற்குச் சமம். ஆகவே படத்தில் நான்கு வகையாகத் தோன்றும் கதவுகள் தச்சுப் பட்டறையில் இரண்டு வகையே. இதனை உணராது நால்வகை நிலைகள் செய்விப்பவர் மரத்தையும் ஓடாவியின் கூலியையும் வீணாக்குவர்.

சிலர் பிளிப் அம்பை விடுத்து மிரர் கட்டளையாற் கதவைப் புரட்டுவதுண்டு. தோற்றத்தில் வேறுபாடு காணப்படாது. ஆனால் புளொக்கின் அளவுக்காரணி எதிர்க்குறி பெறும். பிளிப் நிலையோ மாறாது. பின்னர் அந்நிலையைக் கொண்டு கதவு அட்டவணை தயாரிப்போமாயின், வலக்கதவு இடக்கதவாக எண்ணப்படும். பிழை அப்போது புலப்படாது. நிலையைச் சுவரில் வைத்து மேசன் பூசிய பின்னரே வெளிப்படும். மிகக் கவனமாகத் தேட வேண்டிய குற்றம் இதுவே என்பது என் கருத்து. ஐயம் எழும்போது கதவைத் தெரிந்து, பண்புப் பலகையில் அளவுக்காரணியின் குறியை நோக்குக.

திருத்திய புளொக்கைச் சோதிக்க ஆட்டோகேட் 2010 முதலாகத் தனிச் சாளரம் உண்டு. மூன்றடியிலும் நான்கடியிலும் நான்கு நிலைகளையும் பார்த்தல் வேண்டும். எட்டுச் சோதனைகள், ஐந்து நிமிட வேலை. சேமித்தவுடன் அப்படத்திலுள்ள கதவுகள் திருத்தத்தைப் பெறும். முன்பு பிரதி செய்து வேறு கோப்பில் இட்டவை பெறமாட்டா. அவற்றைத் தனித்தனியே திறந்து திருத்துதல் வேண்டும்.